காது தெரியாத படங்கள்

இருபத்திரண்டு வருஷமாகக் காதுகளைப் படமெடுத்து வந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கலைஞராக வீடு திரும்பினார்.

காது மட்டும் எடுத்தார் என்றில்லை. முகமும் உண்டு. ஆனால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவருக்கு முகம் இரண்டாம்பட்சம். முகம் எப்படி இருந்தாலும் அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும். காது இரண்டும் தெரிந்தாக வேண்டும். பின்னால் வெள்ளை, தோள் நேர், கண் திறந்து, வாய் மூடி. இதில் ஒன்று பிசகினாலும் அட்டை ஆபீசில் படத்தைத் தூக்கி முகத்தில் எறிவார்கள். இந்த விதிகளை வைத்துக்கொண்டே ஸ்டுடியோக்காரர் ஒரு வீடு கட்டினார், ஒரு பெண்ணைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து அனுப்பினார், ஓரளவுக்குத் தொப்பையும் போட்டார்.

வீட்டின் முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக அவர் மனைவி ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்து போவாள். கல்லாவில் உட்காருவதும் அவள்தான், கம்ப்யூட்டரில் படத்தை அளவாக வெட்டுவதும் அவள்தான். இவர் கேமராவைத் தட்டி முடித்த அடுத்த நொடி தோளுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்துவிடும். "இடது காது காணோம்." "கண்ணு பாதிதான் இருக்கு." "அவர் தும்மறதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்க, தும்மின பிறகு எடுங்க." இவரும் வாயைத் திறக்காமல் திரும்ப எடுப்பார். வாடிக்கையாளரை வாய் மூடச் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பாளர் சங்கத்தில் ஒருநாள் பயிற்சி. "படைப்பு மனமும் கேமராவும்" என்று தலைப்பு. இவர் போனது மத்தியானச் சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம் ஒரு மனோதத்துவக்காரர் பேசினார். தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்தார், குரலைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பேசினார். ஒவ்வொருவர் உள்ளேயும் ஒரு விமர்சகர் உட்கார்ந்திருக்கிறார், விரல் பொத்தானைத் தொடுவதற்குள் "இது சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார், அந்தக் குரல் அடங்கினால்தான் மனசு குழந்தையாகும், குழந்தையானால்தான் படைப்பு வரும் என்றார். உங்களுக்கு எந்த விதி மிகவும் பழக்கமோ அதை முதலில் உடையுங்கள் என்றும் சொன்னார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடி அவரவர் விமர்சகரைத் தேடச் சொன்னார்.

ஸ்டுடியோக்காரரும் மூடினார். உள்ளே தேடினார். பசியைத் தவிர அங்கே யாருமில்லை. மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறக்கப் போகும்போதுதான் பொறி தட்டியது. மற்றவர்களுக்குத்தான் விமர்சகர் உள்ளே. இவருடைய விமர்சகர் வெளியே. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு இருக்கிறார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வாதங்களைத் தயார் செய்தார். பயிற்சியில் கொடுத்த தாளின் பின்பக்கம் ஏழு காரணங்கள் எழுதி வைத்துக்கொண்டார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் தொண்டையைச் செருமினார்.

"இனிமே ஒரு மாசத்துக்கு நீ ஸ்டுடியோ பக்கம் வரக்கூடாது."

"சரி."

ஏழு காரணமும் வீணாய்ப் போயின. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்?"

"நீதான் என் உள்மன விமர்சகர்."

"உள்மனசுல இருக்கறவளை வெளிய போன்னு சொன்னா எப்படிப் போவேன்?"

"நான் எடுக்கற படத்தை நீ பாக்கக்கூடாது, அவ்வளவுதான். படைப்பு மனசு குழந்தை மாதிரி. நீ பாத்தா பயந்துக்கும்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "குழந்தைக்கு மத்தியானச் சாப்பாடு ஸ்டுடியோவுக்குக் கொண்டு வரணுமா, இல்ல அதுவே உள்ள வந்து சாப்பிடுமா?"

"உள்ள வந்து சாப்பிடும்," என்றார் ஸ்டுடியோக்காரர், கௌரவம் குறையாமல்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அட்டை ஆபீசில் படத்தைத் திருப்பி அனுப்பினால் வாங்கிப் போனவர்கள் கதி என்ன? அரசாங்கத்துக்கும் ஒருநாள் கண் திறக்கும் என்று இவர் சொன்னார். அவள் மறுபடியும் சரி என்றாள். ஒரே சாயங்காலத்தில் இரண்டு 'சரி' கிடைத்தால் எந்தப் புருஷனும் சுதாரித்துக்கொள்வான். இவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முதலில் வந்தவர் பஸ் டிரைவர். அட்டை புதுப்பிக்க வேண்டுமாம். வழக்கம்போல வெள்ளைத் துணிக்கு முன்னால் போய் விறைப்பாக உட்கார்ந்தார். ஸ்டுடியோக்காரர் துணியை அவிழ்த்து மூலையில் எறிந்தார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டார். முதன்முதலில் வண்டி ஓட்டிய நாளை நினைத்துக்கொண்டே வெளியே பாருங்கள் என்றார். கேமராவை நேராகப் பார்க்க வேண்டாமா என்று டிரைவர் தயங்கியதற்கு, நேராகப் பார்ப்பதெல்லாம் பஸ்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில். காது இருந்ததா இல்லையா என்பது பார்க்கிறவர் கற்பனையைப் பொறுத்தது.

அடுத்து எதிர்க்கடைத் தையல்காரர். ஒரு மனிதனின் அடையாளம் முகத்தில் இல்லை, செய்கிற தொழிலில் இருக்கிறது என்று சொல்லி அவருடைய இரண்டு கையை மட்டும் எடுத்தார். விண்ணப்பத்தில் 'முகம்' என்றல்லவா போட்டிருக்கிறது என்று தையல்காரர் காகிதத்தைக் காட்டினார். அது அவர்களுடைய கற்பனைப் பஞ்சம் என்று இவர் அதை மடித்து அவர் பையிலேயே செருகினார். மூன்றாவதாக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியையை முதுகைக் காட்டி நிற்க வைத்தார். அந்த அம்மாள் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினவர், அவருடைய மாணவர்கள் பார்த்ததெல்லாம் முதுகைத்தானே என்பது இவர் வாதம். தலைமையாசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகு மட்டும் பேசிற்று.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். படம் எடுத்து முடித்தவரும் எடுக்கப் போகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், முன்னவருடைய பாவனை பின்னவரைத் தொற்றிக்கொள்ளும் என்று இவருக்குத் தோன்றியது. அதனால் உள்ளே வர முன்வாசல், வெளியே போகப் பக்கவாட்டுச் சந்து. படத்தை அங்கேயே அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, பிரிக்காமல் ஆபீசில் கொடுங்கள் என்று சொல்லிச் சந்து வழியாக அனுப்பிவிடுவார். அந்தச் சந்து சமையலறையைத் தாண்டி, தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புறமாகப் பின்தெருவில் போய் முடிகிறது. அங்கே யார் இருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. குழந்தை மனசு அவ்வளவு தூரம் யோசிக்காது.

சூரத்தனமாக எல்லாம் செய்துவிட்டாரே தவிர, முதல் வாரம் முழுக்க அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண வாரத்திலேயே நாலைந்து பேர் திரும்பி வருவார்கள். நிழல் விழுந்திருக்கிறது, கண்ணாடியில் வெளிச்சம் அடித்திருக்கிறது என்று உறையை மேஜைமேல் போடுவார்கள். முதுகைப் படமெடுத்தவனை என்ன செய்வார்கள்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கேமராப் பெட்டிக்குப் பின்னால் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு படம்கூடத் திரும்பவில்லை. மூன்றாம் வாரம் கூட்டமே அதிகமாகிவிட்டது. டிரைவர் தன் டிப்போவையே அனுப்பி வைத்தார். நாலு தெரு தள்ளி வேறு ஸ்டுடியோ இருந்தும் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து நின்றார்கள். வந்தவர்கள் யாரும் முறைக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. முதுகைக் காட்டச் சொன்னால் காட்டினார்கள், மேஜைக்கடியில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்கள். பல் பிடுங்க வந்தவர்கள் வாயைத் திறப்பதுபோல ஒரு பொறுமை எல்லோரிடமும் இருந்தது. ஸ்டுடியோக்காரர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வேளையில் மனைவிக்கு வகுப்பு நடக்கும். அரசாங்கம் இத்தனை வருஷமாகக் கலைக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இவள்தான் காது காது என்று சொல்லி அதைப் பட்டினி போட்டிருக்கிறாள் என்பார். அவள் அப்படியா என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சாதம் வைப்பாள். அவள் கொஞ்சம் களைத்திருப்பதுபோல இருந்தது. வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருப்பதுகூட மனுஷிக்குக் களைப்புத்தான் என்று இவர் இரக்கப்பட்டார்.

செய்தி சங்கம்வரை போயிற்று. மாதக் கடைசிக் கூட்டத்தில் இவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளரே போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். விதியை மீறிய படத்தை ஆபீசில் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பேச்சு. ஆதாரமாக நாலு அட்டை மட்டும் கொண்டு வந்து காட்டுங்கள் என்றார். நாற்பது காட்டுகிறேன் என்றார் இவர். படம் எடுக்கிறவர் படம் காட்ட ஆரம்பித்தால் அப்படித்தான்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போய் டிரைவரைப் பிடித்தார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

ஸ்டுடியோக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நல்ல படம். ரொம்ப நல்ல படம். வாய் மூடித்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு. இந்த ஆள் ஓட்டுகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஒரு நிமிஷம் அதைத் தானே எடுத்துவிட்டதாக அவர் நம்பினார். பிறகுதான் காதைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

"இது நான் எடுத்தது இல்லையே."

"நீங்க எடுத்தது வீட்ல இருக்கு சார். பேத்தி அதை வச்சுத்தான் விளையாடறா. இது பின்னாடி எடுத்தது."

"எந்தப் பின்னாடி?"

"உங்க வீட்டுப் பின்னாடிதான். தண்ணித்தொட்டி பக்கத்துல. முன்னாடி எடுக்கறது சாருக்கு, பின்னாடி எடுக்கறது அட்டைக்குன்னு அம்மாதான் சொன்னாங்க." டிரைவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

டிரைவர் நல்ல மனுஷர். சங்கடத்தைப் புரிந்துகொண்டு ஆறுதலாக ஒன்று சொன்னார். சாரிடம் போய் யாரும் குறை சொல்லிவிடக்கூடாது, அவர் மனசு குழந்தை மாதிரி என்று அம்மா எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் ஊரே வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு ஸ்டுடியோக்காரர் சாப்பிடும்போது வகுப்பு எடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்திருந்தார். காலையில் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெளியூரில் ஒரு வேலை இருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்று மனைவியிடம் சொன்னார். முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டார். தெருவை ஒரு சுற்று சுற்றிப் பின்தெரு வழியாகத் தன் வீட்டுக் கொல்லைக்கே திருடன் மாதிரி வந்து சேர்ந்தார்.

அங்கே ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். இரண்டு வாரமாக ஸ்டுடியோவில் காணோமே என்று இவர் தேடிக்கொண்டிருந்த பெஞ்சு அங்கே இருந்தது. நேராகக் கதவைத் தள்ளப் போனவரைப் பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது. தலைமையாசிரியை. தங்கை மகளுக்கு அட்டை எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். யாராக இருந்தாலும் வரிசையில்தான் வர வேண்டும் என்றார். தான் வீட்டுக்காரர் என்று இவர் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரராக இருந்தால் பின்வாசல் வழியாக ஏன் வர வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்டுடியோக்காரர் பத்தாவது ஆளாகப் போய் நின்றார்.

வரிசை நகர நகரக் கொல்லை தெரிந்தது. வெள்ளையடித்த சுவர். அதற்கு முன்னால் ஒரு முக்காலி. மேலே எந்த விளக்கும் இல்லை, வானத்து வெளிச்சம் மட்டும். மூன்று வருஷத்துக்கு முன் இவர் உதவாது என்று தூக்கிப் போட்ட கேமரா அவள் கையில் இருந்தது. செத்துப்போய்விட்டது என்று பரணில் ஏற்றிய பிரிண்டர் துவைக்கிற கல்லின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. மை தீர்ந்ததைத் தவிர அதற்கு வேறு வியாதி இருந்ததில்லை போலிருக்கிறது.

ஆனால் மனைவி சந்தோஷமாக இல்லை. ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒரே ஆளை மூன்று தடவை எடுத்தாள். இவருக்கு முன்னால் நின்றவரிடம், முன்பக்கம் போகாமல் எல்லோரும் நேரே இங்கேதான் வருகிறீர்களா என்று கேட்டாள். முன்பக்கம் பூட்டியிருக்கிறது, அதனால் நேரே வந்துவிட்டோம் என்று அவர் சொன்னார். "அதான் காலைலேருந்து எல்லா முகமும் கட்டையா வருது," என்று சலித்துக்கொண்டாள்.

அடுத்து இவர். முக்காலியில் போய் உட்கார்ந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் அடுக்கி வைத்திருந்தார். அவள் கேமரா வழியாகப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"கண்ணாடியைக் கழட்டுங்க. வெளிச்சம் அடிக்குது."

கழற்றினார். அவள் தட்டிவிட்டாள்.

பிறகு கேமராவைத் திருப்பி அவரிடமே காட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவரைத் தனியாக யாரும் படமெடுத்ததில்லை. அதில் ஒரு நடுவயசுக்காரர் உட்கார்ந்திருந்தார். கோபப்படத் தயாராகி வந்து, பாதியிலேயே அதை மறந்துபோன முகம். கொஞ்சம் அசடு, கொஞ்சம் ஏக்கம், இரண்டு காது. அவருக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. திட்ட வந்தவர் சக தொழில்காரர் குரலில் கேட்டார்.

"எப்படி எடுக்கற?"

"நான் எங்க எடுக்கறேன்? பாதி நீங்கதான் எடுக்கறீங்க." அவள் அடுத்த ஆளைக் கையால் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஜன்னலைப் பாரு, முதுகைக் காட்டு, சின்ன வயசை நினைன்னு அங்க அவங்களைப் பாடாப் படுத்தறீங்க. அது முடிஞ்சு வெளிய வந்து இந்தச் செவுத்துல சாஞ்சதும் அப்பாடான்னு ஒரு மூச்சு விடுவாங்க. இனிமே யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு முகத்து இறுக்கமெல்லாம் இறங்கிடும். அந்த மூச்சுல எடுத்துடுவேன். வேற வித்தை எதுவும் இல்ல."

ஸ்டுடியோக்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மனோதத்துவக்காரர் மூன்று மணி நேரம் பேசியதில் இந்தச் சங்கதி இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் முடிந்து சாப்பாட்டுக்கு எழுந்தபோது மண்டபத்தில் எல்லோர் முகமும் எப்படி மலர்ந்திருந்தது என்பது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

அடுத்த நினைப்பு சங்கக் கூட்டம். காட்டுவதற்கு அட்டை இல்லை, போக மாட்டேன் என்றார். அவள் விடவில்லை. செயலாளரும் நேற்று இவர் வெளியே போயிருந்தபோது இங்கே வந்து படம் எடுத்துக்கொண்டு போனாராம், அவளையும் பேசக் கூப்பிட்டிருக்கிறாராம்.

"நீங்க ஒத்துக்கிட்ட மாதிரியே ஒரு மணி நேரம் பேசுங்க. கடைசில நான் அஞ்சு நிமிஷம் பேசிக்கறேன். உங்களுக்குப் பின்னாடி பேசினா எல்லாரும் நல்லாக் கேப்பாங்க."

ஒருவழியாக அவர் எழுந்தார். தோற்றாலும் பெருந்தன்மையாகத் தோற்க வேண்டும் என்று நினைத்தார். நாளையிலிருந்து கலை கிலை எதுவும் வேண்டாம், பழையபடி வெள்ளைத் துணியைக் கட்டிவிடுகிறேன், நீயும் கல்லாவுக்கு வந்துவிடு என்றார். அவள் கண்ணில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தார்.

"அதெல்லாம் முடியாது," என்றாள் அவள். "இன்னிக்கு ஒரு நாள் நீங்க பூட்டிட்டுப் போனதுக்கே ஒருத்தர் முகமும் தேறல. நீங்க நிறுத்திட்டா நான் எதை எடுக்கறது?"

படம் அச்சாவதற்காகத் துவைக்கிற கல்லருகே காத்திருந்த தலைமையாசிரியை, பேசுவதாக இருந்தால் ஓரமாக நின்று பேசலாம் என்றார். ஸ்டுடியோக்காரர் ஓரமாகக்கூட நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக முன்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தார்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது முன்கதவை இல்லை, சந்துப் பக்கத்துக் கதவை. மீசையை முறுக்கிவிட்ட ஒரு காவல்காரர் விறைப்பாக நின்றார். ஒரு சீட்டை நீட்டினார். மனைவியின் கையெழுத்து. மருத்துவர் சீட்டுபோலச் சுருக்கமாக எழுதியிருந்தாள்.

"முகம் ரொம்ப இறுக்கம். கால் மணி நேரம் கலை கொடுத்து அனுப்பவும்."